ஜெயபால் சாருக்கு நான் எழுத மறுத்த அஞ்சலி

யாழினி,

நினைவு மலர்க் குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஜெயபால் சாரைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். ரிட்டையரான தமிழ் டீச்சர், அதிலும் அவரிடம் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டு இப்போது அவர் இடத்துக்கே வரப்போகிறவளுடைய அம்மா, உங்களை விட்டால் யார் எழுதுவார்கள் என்றார்கள். 'துடுப்பின் வேந்தன்' என்று தலைப்பைக்கூட அவர்களே யோசித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்தேன். வேந்தனைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதுதான் வந்தது. உனக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு இதையே அவர்களிடம் கொடுக்கப் போகிறேன். போட்டால் போடட்டும், கிழித்தால் கிழிக்கட்டும். நீ அவரைப் பற்றி ஊர் கூடியிருந்த இடத்தில் பேசினாய், நானும் ஊர் அறியவே பேசுகிறேன். 'அவர்' என்றுதான் எழுதுவேன், அது உனக்காக. வீட்டில் நான் எப்படிச் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

இரங்கல் கூட்டத்தை நீ மேடையிலிருந்து பார்த்தாய். அங்கிருந்து பார்த்தால் அழுகிற முகங்கள்தான் தெரியும். நான் கீழே இருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் போனில் கப்பல் டிக்கெட் கன்ஃபார்ம் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் பேசிய அதிகாரி ஜெயபால் சாரை மகத்தான நீச்சல் வீரர் என்றார். யாரோ எட்டிக் காதில் சொன்னதும், நீச்சலிலும் வல்லவர் என்று சமாளித்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்தவர் ஹிந்தியில் நீளமாகப் பேசினார், பெரும்பாலும் தன்னைப் பற்றி. இந்தத் தீவுகளில் துடுப்புப் படகுப் பயிற்சி வந்ததே தான் போட்ட ஒரு கையெழுத்தால்தான் என்றார். அந்தக் கையெழுத்துக்காக ஜெயபால் சார் எத்தனை நாள் அந்த ஆபீஸ் வராந்தாவில் நின்றார் என்று சொல்லவில்லை. பிறகு எல்லோரும் வரிசையாக வந்து போட்டோவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படத்துக்குக் குளிருமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "சும்மா இரேன்" என்றார்.

அதற்குப் பிறகு நீ பேசினாய். "எனக்கு ரெண்டு அப்பா" என்று ஆரம்பித்தாய். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் உன்னைப் பயிற்சிக்குக் கூட்டிப்போன மனுஷன் என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். வருத்தம் என்று நினைத்தேன். பெருமையாம். அவரைத் திருத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கடைசியில் நீ சொன்னாயே, "ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவும் சாருக்கு என் இடது தோள் ஞாபகம் இருந்தது" என்று. உன் குரல் உடைந்தது, ஹால் முழுக்கக் கை தட்டினார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. உன் அப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருந்தார். மீதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அறையில் நானும் இருந்தேன்.

நீ அப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெயின்லேண்டுக்குப் போட்டிக்குப் போயிருந்தாய். நாங்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனோம். ஜன்னல் ஓரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "சார், நான் யாழினி அப்பா" என்றார் உன் அப்பா. சார் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "யாழினி சார். உங்க அசிஸ்டென்ட். சில்வர் வாங்கின டீம்ல இருந்தாளே."

"ஓ, மூணாம் சீட்டா?" என்றார்.

"யாழினி, சார்."

"மூணாம் சீட்டுதான். இழுக்கறப்ப இடது தோள் முன்னால விழும். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இப்பவும் விழுதா?"

நோயில் இருந்தவர், ஞாபகம் தப்பியிருக்கும் என்பாய். நானும் அப்படி நினைக்கத்தான் பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் தான் தேசியப் போட்டியில் ஜெயித்த கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். எதிர்க்காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, பக்கத்துப் படகில் இருந்தவன் எந்த ஊர்க்காரன், அவன் எங்கே மூச்சு வாங்கினான், அவன் அப்பா பெயர் உட்பட எல்லாம் வந்தது. உன் பெயர் வரவில்லை. வெளியே வந்ததும் உன் அப்பா, "பாத்தியா, தோள் வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கார்" என்று பூரித்துப்போனார். "பேரு?" என்று கேட்டேன். ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார். இத்தனை வருஷமும் அவர் உன்னைப் படகில் உன் சீட்டு நம்பரை வைத்து 'த்ரீ' என்றுதான் கூப்பிட்டார் என்பது எங்களுக்கும் தெரியும். நீ அதைச் செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். வேறு பெயர் அவருக்குத் தெரியாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அவருக்குத் துடுப்புப் போடத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீ பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் விடிகாலையில் உன்னை விட வந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். ஒற்றையாள் படகில் அவர் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. துடுப்பு தண்ணீருக்குள் போவதும் வருவதும் கேட்கவே இல்லை. படகு நகர்கிறதா, தண்ணீர்தான் பின்னால் போகிறதா என்று தெரியாதபடி இருந்தது. அவ்வளவு அழகான ஒரு காரியத்தை நான் இந்த ஊரில் வேறு யார் செய்தும் பார்த்ததில்லை. கரைக்கு வந்து இறங்கியதும், படகைத் தூக்க ஓடிவந்த பையன் கொஞ்சம் தடுமாறினான் என்று அவன் தலையில் ஓங்கி ஒன்று வைத்தார். படகைத் தடவிப் பார்த்தார். பையனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைத் தெரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு காலை போதுமானதாக இருந்தது. உன் அப்பாவுக்கு முதல் பாதி மட்டும்தான் கண்ணில் பட்டது. உனக்கும்தான்.

இனி மினதியைப் பற்றி எழுத வேண்டும். மேடையில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் நாலு பேர் படகில் உனக்கு முன்னால் உட்கார்ந்தவள். அவள் அப்பா மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார், பெங்காலிக் குடும்பம், நம் வீட்டுக்கு வந்தால் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பாள். நீங்கள் போட்டியிட்டது எடை வரம்பு உள்ள பிரிவு. அந்த வரம்பைத் தாண்டினால் படகில் ஏற முடியாது. அதற்காக ஜெயபால் சார் உங்களைத் தினமும் விடிந்ததும் படகு வைக்கும் தகரக் கொட்டகையில் எடை மெஷின் மேல் ஏற்றினார். பையன்கள் சுற்றி நிற்கும்போது ஏற்றினார். எடையைச் சத்தமாகப் படிப்பார், படித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார், பையன்கள் சிரித்து முடிக்கட்டும் என்று. ராத்திரி ஒரு சப்பாத்தி, பாதி ஆப்பிள் என்று நீ வீட்டில் என் கண்முன்னால் உலர்ந்துகொண்டிருந்தாய். கேட்டால், "அம்மா, உனக்கு ஸ்போர்ட்ஸ் தெரியாது" என்றாய். தெரியாதுதான். வளர்கிற பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றுபோனால் அது நல்லதில்லை என்று மட்டும் தெரியும்.

மெயின்லேண்டுக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில் மினதியின் எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அவளுக்கு ரெயின்கோட் மாட்டிவிட்டு மேட்டு ரோட்டில் வெயிலில் ஓட விட்டார். தண்ணீர் குடிக்கக் கூடாது. ஓடிப்போய்த் திரும்பி வந்தாள், மெஷினில் ஏறினாள், போதவில்லை, மறுபடி ஓடச் சொன்னார். ரெண்டாவது தடவை பாதி மேட்டில் விழுந்தாள். ஜீப்பில் வந்த யாரோ தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உடம்பில் தண்ணீர் வற்றி, சிறுநீரகம் பாதித்து, வாரக்கணக்கில் அங்கே கிடந்தாள். அவர் கொட்டகையில் உங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னது, "கம்ஸோர் லட்கி." பலவீனமான பெண். அவ்வளவுதான். மறுநாள் அவள் சீட்டில் வேறு ஒருத்தி. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மினதியின் அப்பா அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கோச் சாப் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தோம் என்றார்கள். மகள் விழுந்து அவருக்குக் கஷ்டம் கொடுத்துவிட்டாளாம். நான் அந்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை, அன்றைக்கு அவரை வெறுத்த அளவுக்கு.

அங்கிருந்து நேராகப் பத்துபஸ்தியில் அவர் வீட்டுக்குப் போனேன். இது உனக்குத் தெரியாது. வாசலில் அவருடைய கப்புகள் தெரியும்படி அலமாரியைத் திருப்பி வைத்திருந்தார், ரோட்டில் போகிறவனும் பார்க்கட்டும் என்று. உட்காரச் சொன்னார்.

"மினதிய போய்ப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"பாத்து என்ன பண்ணப் போறேன் டீச்சர்? நான் டாக்டரா? அந்த சீட்டுக்கு ஆள் போட்டாச்சு."

"ஒரு பொண்ணு சாகப் பொழைக்கக் கெடக்கறா."

"உங்க கிளாஸ்ல எல்லாப் பிள்ளையும் பாஸ் ஆயிடுதா?"

"ஆகாது. ஆகாத பிள்ளைய நான் வெயில்ல ஓட விடறதில்ல."

சிரித்தார். "அதான் உங்க ஸ்கூல்லேர்ந்து ஒருத்தன்கூடப் பெரிய ஆளா வரல."

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். அவர் அந்த அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சர்க்கரை ஜாஸ்தி என்று மட்டும் சொன்னார். நான் டீயைத் தொடாமல் எழுந்தேன். கேட் வரைக்கும் கூட வந்த அந்த அம்மா, கொண்டியைப் போடுகிற மாதிரி குனிந்துகொண்டு, "உங்க பொண்ண நிறுத்திடுங்க டீச்சர்" என்றார். நாலைந்து மாதத்தில் அந்த அம்மாவே கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. இரங்கல் கூட்டத்தில் 'குடும்பத்தைத் துறந்து விளையாட்டுக்காக வாழ்ந்தவர்' என்று ஒருவர் சொன்னாரே, அது இதுதான். அவர் எதையும் துறக்கவில்லை. பொறுக்க முடியாதவர்கள் அவரைத் துறந்தார்கள்.

உன்னை நிறுத்தப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க நீ என்னோடு பேசவில்லை. உன் அப்பா உன் பக்கம். "பிள்ளை ஆசையக் கெடுக்காத" என்றார். கடைசியில் நீ போனாய், உங்கள் படகு ரெண்டாவதாக வந்தது, பேப்பரில் போட்டோ வந்தது. போட்டோவில் நடுவில் அவர். நீங்கள் நாலு பேரும் இரண்டு ஓரத்திலும். கன்னம் ஒட்டிப்போய், கழுத்தில் மெடலோடு, பஞ்சத்தில் அடிபட்டவர்கள் மாதிரி நிற்கிறீர்கள். உன் அப்பா அதை ஃபிரேம் போட்டு மாட்டினார். நான் அந்தச் சுவர்ப் பக்கம் முதுகு காட்டித்தான் இன்றுவரை சாப்பிடுகிறேன்.

கூட்டத்தில் எனக்கு இடது பக்கம் ஒரு பெண் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அது மினதி. நீ மேடையிலிருந்து பார்த்தாயா, பார்த்தும் அடையாளம் தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. இப்போது ஏர்போர்ட்டில் வேலை பார்க்கிறாள். இன்னமும் மாத்திரை சாப்பிடுகிறாள். நீயெல்லாம் எதற்கு வந்தாய் என்று கேட்டுவிட்டேன். ஹிந்தியில்தான் சொன்னாள்: "நெஜமாவே போயிட்டாரான்னு பாக்க வந்தேன் ஆன்ட்டி. மாலை போட்ட போட்டோவைப் பாத்தாத்தான் நம்பிக்கை வரும் போல இருந்தது." நீ பேசி முடித்ததும் மற்றவர்களோடு சேர்ந்து அவளும் கை தட்டினாள். ஏன் தட்டுகிறாய் என்றேன். "யாழினி அழறாளே" என்றாள். உன் பெயரை எத்தனை சரியாகச் சொன்னாள் தெரியுமா, அந்த ழகரம் வராத வாயால். இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரோடு எழுதச் சொன்னாள்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். செத்தவரைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது. ஆனால் கூட்டம் முடிந்த மறுவாரம் நீ உன் வீட்டுச் சாவியை டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் இருக்கிற நம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று அதைக் கொடுக்கக் கொட்டகைக்கு வந்தேன். ஐந்து மணிக்கே பளிச்சென்று விடிந்திருந்தது. ஒரு பெண் மெஷின் மேல் நின்றுகொண்டிருந்தாள். பையன்கள் துடுப்புகளை அடுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள். நீ குனிந்து பார்த்தாய், எண்ணைச் சத்தமாகப் படித்தாய், படித்துவிட்டு நிறுத்தினாய். அதே நிறுத்தம், யாழினி. அதே அளவு. ஒரு பையன் சிரித்தான். "கானா பந்த்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாய், சாப்பாடு கிடையாது என்று, ஒரு மாட்டுக்குத் தண்ணீர் காட்டாதே என்று சொல்கிற மாதிரி. நான் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நீ போன் பண்ணி, "வந்துட்டு ஏம்மா பாக்காமப் போனே?" என்று கேட்டாய். முழங்கால் வலி என்றேன். அது வலி இல்லை. அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, ராத்திரி ஷிஃப்டில் இருந்த உன் அப்பாவுக்கு இட்லி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில், அன்றைக்கு மெஷின் மேல் நின்ற அந்தப் பெண். நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. தமிழ்ப் பிள்ளைதான். கண்ணை மூடிக் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி. போய் எடை பாக்கணும்."

"எப்ப சாப்பிட்டே?"

"நேத்து மத்தியானம்."

தூக்கைத் திறந்து ஒரு இட்லியை நீட்டினேன். வாசனைக்கே அவள் தொண்டை ஏறி இறங்கியது. வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மேடமும் இப்படித்தான் இருந்தாங்களாம் ஆன்ட்டி. பட்டினி கெடந்து பழகினதாலதான் மெடல் கெடைச்சுதாம். மேடம்தான் சொன்னாங்க." சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பூரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த பூரிப்பு. அந்த வயதில் உன் முகத்தில் இருந்தது. ஜெட்டிக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கினாள். இறங்கும்போது ஒரு நிமிஷம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலை சுற்றியிருக்கும். பிறகு சரிவில் ஓட ஆரம்பித்தாள், நேரமாகிவிட்டதென்று.

ஜெயபால் சாரை அற்பமாக நினைப்பது எனக்குச் சுலபம். பழகிவிட்டது. மேடையில் பேசிய பெரிய மனுஷர்களை நினைத்தாலே சிரிப்பு வருகிறது, அதுவும் சுலபம். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பெண் 'மேடம், மேடம்' என்று சொன்ன ஆளின் மேல் எனக்கு அதே இளக்காரம் வந்தது. ஒரு கணம்தான். அந்த மேடம் யாரென்று ஞாபகம் வந்ததும் தூக்கை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். நான் பெற்ற பிள்ளையை நான் அப்படிப் பார்க்க முடியாது. அப்படிப் பார்த்துப் பழகிவிட்டால் அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

உனக்கு அவர் கற்றுக்கொடுத்தவற்றில் துடுப்பு பிடிப்பதை வைத்துக்கொள். அதைச் சொல்லிக்கொடு, அவரைவிட நன்றாகச் சொல்லிக்கொடு. மீதியை அவரோடு எரித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள். எடை பார்க்க வேண்டுமென்றால் கதவைச் சாத்திவிட்டுப் பார். டாக்டரிடம் கேள். எடை கூடின பிள்ளையை வேறு பிரிவில் போடு, தோற்றால் தோற்கட்டும். தோற்ற பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும், மறுநாள் வரும். இது உன் விளையாட்டைப் பற்றித் தெரியாதவள் சொல்வது என்று நினைத்தால், மினதியிடம் போய்க் கேள். அவளுக்குத் தெரியும். அவள் உன் மேல் கோபமாக இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

திங்கட்கிழமை உனக்குப் பொறுப்பைக் கொடுக்கும்போது பொன்னாடை, மாலை எல்லாம் இருக்குமாம், உன் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டாகிவிட்டது. நான் வரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வா. இதைப் படித்துவிட்டுக் கோபத்தோடு வந்தாலும் சரி. மீன் குழம்பு வைக்கிறேன். முதலில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. அப்புறம் என்னோடு சண்டை போடு.

அம்மா